பத்து மணிக்கும் மூன்று மணிக்கும்

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். டில்ஷானி பூமிக்காகக் கவலைப்படத் தொடங்கிய அன்று மாக்ரெட்டின் மனதில் முதலில் வந்து நின்றது இந்தப் பழமொழிதான். முதலாளி வீட்டுப் பிள்ளைகள் எதற்காகக் கவலைப்பட்டாலும் அது கடைசியில் வேலையாட்களின் தலையில்தான் வந்து விடியும். முப்பது வருட உத்தியோகத்தில் அவள் படித்த பாடங்களில் பொய்க்காத பாடம் அது ஒன்றுதான்.

உத்தியோகம் கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஓர் ஒழுங்கையில். ‘இராஜநாயகம் அன் சன்ஸ்’ என்று பலகை தொங்கும். கப்பலில் வந்திறங்கும் சாமான்களைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் கம்பனி. பலகையில் இருக்கும் சன்ஸ் வீட்டில் இல்லை. இராஜநாயகத்துக்கு ஒரே ஒரு மகள், அவள்தான் டில்ஷானி. போன வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்து வெள்ளவத்தை வீட்டோடு முடங்கியபோது, மெல்பேர்னில் படித்துக்கொண்டிருந்தவள் படிப்பை முடித்த கையோடு வந்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கீழே நாலு பேர். ஐம்பத்தெட்டு வயது மாக்ரெட், மாளிகாவத்தையிலிருந்து வரும் மஸாஹிரா, புதிதாகக் கல்யாணம் முடித்த றமேஷ், வத்தளையிலிருந்து வரும் செல்லையா.

செப்டெம்பர் மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை, டில்ஷானி நாலு பேரையும் தன் மேசையடிக்குக் கூப்பிட்டாள். திரையில் நாலு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு பச்சைக் கோடு.

“இது போன மாசம் நீங்க ஒவ்வொருத்தரும் கொம்பியூட்டருக்கு எடுத்த கரண்ட்,” என்றாள். “சுவரில அந்த வெள்ளை மீற்றர் பூட்டினது இதுக்காகத்தான்.”

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மாதத்துக்கு முன் சனிக்கிழமையொன்றில் ஒவ்வொரு மேசைக்கும் கீழே சுவரில், சோப்புக்கட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி முளைத்திருந்தது. கரண்ட் கூடிக் குறைந்து கணினி எரிந்துபோகாமல் காக்கிற சாமான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மின்வெட்டுக் காலத்துக்குப் பிறகு கொழும்பில் அப்படிப் பெட்டி பூட்டாத அலுவலகம் ஏது?

“இனி இதைக் குறைக்கப் போறம். சாப்பிடப் போகேக்க ஓஃப் பண்ணுங்கோ. ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறையுங்கோ. பின்னேரம் போகேக்க சுவரிலயே ஓஃப். கண்டபாட்டுக்குப் பிரிண்ட் எடுக்க வேண்டாம், எடுத்தால் தாளின்ர பின்பக்கத்தையும் பாவியுங்கோ. புது மெஷின் வாங்குறேல்ல, இருக்கிறதைத் திருத்திப் பாவிப்பம். ஒரு கொம்பியூட்டரைச் செய்து எடுக்கிறதிலயே உலகத்துக்கு எவ்வளவு நட்டம் தெரியுமோ?”

“எவ்வளவு காலத்துக்கு மிஸ்?” என்று கேட்டான் றமேஷ்.

“ஜனவரி முடியும் வரைக்கும் பாப்பம். அதுக்குப் பிறகு இந்தக் கணக்கை வைச்சு ஒரு முடிவுக்கு வரலாம்.”

என்ன முடிவு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் கேட்கிறவருக்குப் பயம் என்று தெரிந்துவிடுமே!

மாக்ரெட் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூமியைக் காப்பாற்றுவதற்குக் கரண்ட் எவ்வளவு என்று தெரிந்தால் போதாதா, ஆள் யார் என்று எதற்கு? நாலு பெயரையும் பிரித்து எழுதியிருக்கிறாள் என்றால், பிரித்துப் பார்க்கப் போகிறாள் என்றுதானே அர்த்தம். அதிலும் நாலு கோடுகளில் குட்டைக் கோடு மாக்ரெட்டுடையது. ஏனென்றால் அவள் பழைய ஆள். கப்பல் கம்பனிகளோடு தொலைபேசியில் கதைப்பாள், கையால் குறிப்பெடுப்பாள், கடைசியில்தான் கணினியைத் தட்டுவாள். கணினி அரைவாசி நேரம் உறங்கிக்கொண்டிருக்கும். இப்போது அந்த உறக்கம் அவள் பெயரில் பதிவாகியிருந்தது.

வேறொரு வருடமென்றால் ‘போங்கடி’ என்று விட்டிருப்பாள். இந்த வருடம் அப்படி விட முடியாது. அவளுடைய புருஷன் பிறெடி துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய மனிதர். இப்போது ஒரு மாடி ஏறினால் மூன்று தடவை நிற்கிறார். இதயத்தின் வால்வு ஒன்று பழுது. சத்திரசிகிச்சைக்கு மார்ச் பதினெட்டாம் திகதி குறித்திருந்தார்கள். செலவு முழுவதும் மாக்ரெட்டின் கம்பனிக் காப்புறுதியில். அவள் மார்ச் வரைக்கும் அந்த நாற்காலியில் இருந்தால் பிறெடிக்குப் புது வால்வு. இல்லையென்றால் கையில் ஒரு பைல்கட்டோடு அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் போய் நிற்க வேண்டியதுதான், எத்தனை மாதமோ.

அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த கையோடு, தன் மனதில் இருந்ததையும் திறந்தாள்.

“உலகம் கிலகம் எல்லாம் சும்மா கதை. ஆர் எவ்வளவு வேலை செய்யுறம் எண்டு அளக்கினம். மெஷின் ஓடினால் ஆள் வேலை செய்யுது. ஓடாட்டி ஆள் சும்மா இருக்குது. ஜனவரியில குறைஞ்ச கோட்டுக்காரரை வீட்ட அனுப்புவினம், பாருங்கோ.”

மஸாஹிராவின் கை சோற்றிலேயே நின்றது. “என்ன அன்ட்டி சொல்ற? அப்பிடியும் ஈக்குமா?”

“பின்னை ஏன் பிள்ளை பேர் போட்டு வைச்சிருக்கு?”

றமேஷ் மெல்லத் தலையாட்டினான். பெயர் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. நெருப்பில்லாமல் புகையுமா என்று இருவருக்கும் தோன்றிவிட்டது. புகையே மாக்ரெட்டின் வாயிலிருந்துதான் வந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

செல்லையா மட்டும் சிரித்தார். அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, வத்தளையில் வீடு எடுத்து, நாலு வருடமாக இந்தக் கம்பனியில் இருப்பவர். காலையில் பாதி நாள் துறைமுகத்தில் வெயிலில் நின்று சாமான் விடுவித்துவிட்டு, மிச்சப் பாதி நாள் மேசைக்கு வருவார். அவர் வரும்வரை, அவருடைய கணினி இதுநாள்வரை காலையிலிருந்தே சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

“இல்லக்கா, அந்தப் புள்ள அப்பிடிப்பட்டது இல்ல. நிறுத்தச் சொல்றாங்க, நிறுத்துவோம். இதுல என்னா இருக்கு?”

“நிறுத்துங்கோ, நிறுத்துங்கோ. பிறகு உங்களையே நிறுத்தினால் என்னட்ட வந்து அழக்கூடாது. நான் சொல்லிப்போட்டன்.”

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை. செல்லையா சாப்பிட்டு முடித்துக் கை கழுவி, கணினியைச் சுவரிலேயே நிறுத்திவிட்டு, கொட்டாவி விட்டார்.

மற்ற மூன்று பேரும் அடுத்த நாளிலிருந்து வேலைக்காரர்கள் ஆனார்கள். அதாவது அவர்களுடைய கணினிகள் ஆயின. றமேஷ் மீன்தொட்டிப் படமொன்றைச் சத்தமில்லாமல் காலையிலிருந்து ஓடவிட்டான். கணினிக்குள் சிவப்பு மீன்கள் எட்டு மணி நேரமும் உத்தியோகம் பார்த்தன. மஸாஹிரா மூலையில் சமையல் வீடியோ ஒன்றை ஓட வைத்து, அதன்மேல் சுங்கப் படிவத்தைத் திறந்து மறைத்தாள். மாக்ரெட்டுக்கு வீடியோ எல்லாம் சரிவராது, யாராவது பின்னால் வந்தால் மாட்டிக்கொள்வாள். அவள் வைரஸ் தேடும் வேலையை ஏவினாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை, முழுக் கணினியையும். தேடத் தொடங்கியதும் உள்ளே விசிறி இரைந்து சுழலும். அந்த இரைச்சலைக் கேட்கும்போதெல்லாம் பிறெடியின் வால்வு ஓர் அங்குலம் கிட்ட வருவதாக அவளுக்கு ஒரு நிம்மதி.

அக்டோபர் முடிவில் டில்ஷானி புதுக் கோடுகளைக் காட்டினாள். மாக்ரெட் ஒரு படி ஏறியிருந்தாள். ஆனால் றமேஷும் மஸாஹிராவும் இன்னும் மேலே. மீன்களை முந்துவது சாதாரண விஷயமா? அடுத்த நாள், யன்னலோரத்தில் இருந்த கரண்ட் கேத்திலைத் தன் மேசைக்குக் கொண்டுவந்தாள். “அங்க வைச்சால் தூசி விழுது,” என்றாள். வயரைத் தன் வெள்ளைப் பெட்டியில் சொருகினாள். அன்றிலிருந்து காலை பத்து மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் அலுவலகத்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணித் தண்ணீர் மாக்ரெட்டின் பெயரில் கொதித்தது.

செல்லையாவுக்குத்தான் இது ஒன்றும் தெரியாது. துறைமுகத்திலிருந்து வந்தவுடன், யாராவது கணினியை ஓடவிட்டு எழுந்து போயிருந்தால் போய்த் திரையை நிறுத்திவிடுவார். உதவி செய்கிற எண்ணம்தான். நவம்பரில் ஒருநாள் மாக்ரெட் வாஷ்ரூமிலிருந்து வந்து பார்த்தால் அவளுடைய கணினியே நிறுத்தப்பட்டிருந்தது. வைரஸ் தேடல் பாதியில் போயிருந்தது.

“ஆர் என்ர மெஷினில கை வைச்சது?”

“நான்தாங்கா. சும்மா ஓடிக்கிட்டு இருந்திச்சு. நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்.”

“நான் ஒண்டும் மறக்கிற ஆள் இல்லை. இனி என்ர மேசைப்பக்கம் வராதேங்கோ.”

செல்லையாவின் முகம் சிறுத்துப்போனது. மாக்ரெட்டுக்கு அது நடிப்பாகத் தெரிந்தது. வாஷ்ரூம் போய் வருகிற நேரத்துக்குள் எப்படித் தெரிந்தது இவருக்கு? இவர் ஏன் மற்றவர்களின் கணினியைக் கவனிக்கிறார்? டில்ஷானி சொன்ன உடனே எதிர்ப்பேச்சில்லாமல் செய்கிறாரே, முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்களோ? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்றிலிருந்து செல்லையா உள்ளே வந்தால் மற்ற மூவரின் பேச்சும் நின்றது. மஸாஹிரா வீடியோவை மூடுவாள், றமேஷ் மீன்களை மறைப்பான். அவர் வெயிலில் நின்ற முகத்தைத் துடைத்துக்கொண்டு, “என்னா எல்லாம் அமைதியா இருக்கீங்க?” என்பார். மூன்று பேரும் படிவங்களைப் புரட்டுவார்கள்.

டில்ஷானியும் சும்மா இருக்கவில்லை. நிறுத்தச் சொல்லச் சொல்லக் கோடுகள் ஏறினால் யாருக்குத்தான் தலை சுற்றாது? பழைய கணினிகளுக்குள் தூசி அடைத்துக் கரண்டை இழுக்கிறதோ என்று ஒரு ஆளைக் கூட்டிவந்து கழற்றித் துடைக்க வைத்தாள். ‘எங்கட மெஷினுக்குள்ள ஏதோ வைச்சிட்டுப் போறான்’ என்று மூன்று பேரும் முடிவுகட்டி இன்னும் கூட ஓட்டினார்கள். மாலையில் போகும்போது ஒவ்வொரு மேசையாக வந்து, “ஏதாவது கஷ்டமோ? சொல்லுங்கோ” என்று கேட்டாள். கேட்ட குரலில் கெஞ்சல் இருந்தது. மாக்ரெட் அதையும் சந்தேகத்தோடுதான் கேட்டாள்.

“அன்ட்டி, உங்கட மெஷின் மட்டும் ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கும் மூண்டு மணிக்கும் ஏன் இப்பிடி ஏறுது?” என்று ஒருநாள் டில்ஷானி கேட்டாள்.

“அந்த நேரம்தானே பிள்ளை கப்பல் லிஸ்ட் எல்லாம் வரும். ஒரே வேலை.”

டில்ஷானி அதைத் தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். எழுதியதைப் பார்த்ததும் மாக்ரெட்டுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை டில்ஷானி நாலு பேரையும் மறுபடி கூப்பிட்டாள். அன்று திரையில் ஒன்றும் இல்லை. கண்கள் சிவந்திருந்தன.

“எங்கட பெரிய கஸ்டமர், அந்த ஐரோப்பாக் கப்பல் கம்பனி, போன வருஷம் எல்லா ஏஜென்ற்மாருக்கும் ஒரு போர்ம் அனுப்பினது. ஒபிஸில கரண்ட் பாவிக்கிறது ஆறு மாசத்தில பத்து வீதமாவது குறைஞ்சிருக்க வேணும். குறைச்சுக் காட்டினவைக்குத்தான் இனி வேலை. எங்களிட்ட இருக்கிறது கொம்பியூட்டர்தான், அதைக் குறைச்சால் காணும் எண்டு நினைச்சன். எங்களுக்கு நாப்பது வீதம் கூடியிருக்கு. நேற்று மெயில் வந்திட்டுது. இரத்மலானையில இருக்கிற ஏஜென்ற் ஒராளுக்கு வேலையைக் குடுத்திட்டினம்.”

அந்தக் கப்பல் கம்பனிதான் அலுவலகத்தின் அரைவாசி வேலை என்பது எல்லோருக்கும் தெரியும்.

“இதை முதலே சொல்லியிருக்கலாமே மிஸ்,” என்றான் றமேஷ்.

“அப்பாதான் வேண்டாமெண்டவர். ஸ்டாஃபுக்குச் சொன்னால் வேலை போகுமெண்டு பயந்திடுவினமாம்.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “பேர் போட்டது ஏனெண்டு தெரியுமோ? ஆர் கூடக் குறைக்கினமோ அவைக்கு ஒரு பரிசு குடுப்பம் எண்டுதான். சப்ரைசா.”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஊதியது வேறு யாருமல்ல, மாக்ரெட்தான். இல்லாத ஆபத்துக்குப் பயந்து பயந்து, அந்த ஆபத்தையே கைப்பிடித்து வீட்டுக்குள் கூட்டிவந்திருந்தாள். மஸாஹிரா அவளைப் பார்த்தாள். றமேஷும் பார்த்தான். இருவர் பார்வையிலும் ஒரே கேள்விதான். செல்லையா மட்டும் டில்ஷானியைப் பார்த்து, “அழாதீங்க மிஸ், வேற கம்பனி புடிக்கலாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. ஒருவரைக் குறைக்க வேண்டும். கடிதத்தில் இருந்த பெயர் செல்லையா.

அதைக் கேட்ட கணத்தில் மாக்ரெட்டுக்குள் முதலில் எழுந்தது சந்தோசம். அதை ஒளிக்க முடியாது. பிறெடி தப்பினார் என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த மூச்சில் வெட்கம் வந்து அந்தச் சந்தோசத்தின் கழுத்தைப் பிடித்தது.

“ஏன் செல்லையா?” என்று டில்ஷானியிடம் தனியே கேட்டாள்.

“அப்பாவின்ர முடிவு. கணக்குத் தாளைக் கேட்டவர். குறைஞ்ச கோடு அவற்ற. அவர் துறைமுகத்தில நிக்கிறவர், அதோட நான் சொன்னபடியும் செய்தவர், இது வேலைக் கணக்கில்லை எண்டு தலையால தண்ணி குடிச்சுச் சொன்னனான். கேக்கேல்ல. மெஷின் ஓடாமல் என்ன வேலை எண்டு கேட்டார்.”

ஆக, மாக்ரெட் சந்தேகப்பட்ட ஓநாய் இருக்கத்தான் செய்தது. அது டில்ஷானியல்ல. வெள்ளவத்தையில் நாற்காலியில் இருந்தது.

சனிக்கிழமை, இராஜநாயகம் சேரின் சுகம் விசாரித்து வருகிறேன் என்று பிறெடியிடம் சொல்லிவிட்டு வெளிக்கிட்டாள். கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து வெள்ளவத்தைக்கு இன்னொரு பஸ். வழிநெடுக வசனங்களை அடுக்கினாள். நான்தான் கதை கட்டினேன், நாங்கள் மூன்று பேரும் சும்மா ஓட்டினோம், சொன்னபடி செய்தது அவர் ஒருவர்தான். காலி வீதியில் இறங்கி, கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கைக்குள் நடந்து, மூன்றாம் மாடிக்கு ஏறினாள். ஏறும்போது பிறெடியின் மூச்சுத்தான் நினைவுக்கு வந்தது.

இராஜநாயகம் யன்னலோரத்தில் இருந்தார். இடக்கை மடியில் அசையாமல் கிடந்தது. வேலைக்காரப் பெண் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள். பக்கத்து மேசையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் அந்தத் தாள்.

“வாரும், மாக்ரெட். நானே உம்மோட கதைக்க வேணுமெண்டு இருந்தனான்.” வலக்கையால் தாளைத் தட்டினார். “முப்பது வருஷமா உம்மைத் தெரியும். எண்டாலும் இதைப் பார்த்த பிறகுதான் விளங்கினது. மற்றவை தேத்தண்ணி குடிக்கிற நேரம், பத்து மணிக்கும் மூண்டு மணிக்கும், உம்மட கோடுதான் உச்சியில நிக்குது. இந்த வயசிலயும்.”

மாக்ரெட்டுக்கு முகம் எரிந்தது. கேத்தில் என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது.

“சேர், அந்தக் கோடு பிழை. மிஸ் சொன்னபடி செய்தது செல்லையா ஒராள்தான். நாங்கள் மூண்டு பேரும் பயத்தில சும்மா ஓட விட்டனாங்கள்.”

கீழே ரயில் ஒன்று போகும்வரை அவர் காத்திருந்தார்.

“டில்ஷானியும் இதைத்தான் சொன்னவள்.”

“அப்ப, சேர்...”

“அப்ப ஆரை அனுப்புறது? ஒராளை அனுப்பத்தான் வேணும். இந்தத் தாள் இருக்கும் வரைக்கும், நான் அனுப்பேல்ல, தாள்தான் அனுப்பினது எண்டு நான் நித்திரை கொள்ளலாம். தாள் பிழையெண்டால் நான்தான் ஒரு பேர் சொல்ல வேணும். எனக்கு ஏலாது. நீர் சொல்லும். நீர் சொல்லுற பேரை எழுதுறன்.”

மஸாஹிராவின் உழைப்பில்தான் அவளுடைய இரண்டு தங்கைகளும் படிக்கிறார்கள். றமேஷின் மனைவிக்கு ஏழு மாதம். அந்த இரண்டு பெயர்களும் போனால் மிச்சம் இருந்தது ஒரு பெயர்தான். நியாயம் என்று ஒன்று இருந்தால் அந்தப் பெயர்தான். மாக்ரெட் வாயைத் திறந்தாள். அவளுடைய சொந்தப் பெயர், ஐம்பத்தெட்டு வருடமாகச் சொல்லிப் பழகிய பெயர், வரமாட்டேன் என்றது.

“பிறெடிக்கு எப்ப ஒப்பரேஷன்?” என்று கேட்டார் இராஜநாயகம்.

அன்பால் கேட்டாரா, அவள் வாயை அடைக்கக் கேட்டாரா? அவருடைய முகத்தில் ஒரு பக்கம்தான் அசையும், அதை வைத்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது.

“மார்ச் பதினெட்டு, சேர்.”

“நல்லது. அதைப் பாரும்.”

அவள் பிளேன்ரீயைக் குடித்தாள். கடைசிவரை குடித்தாள். பிறகு எழுந்து, “நான் வாறன் சேர்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். காலி வீதியில் பஸ் வரும்வரை, தனக்கே கேட்காத குரலில் தன்னைத் திட்டிக்கொண்டு நின்றாள்.

செல்லையாவின் கடைசி நாள் பெப்ரவரி இருபத்தெட்டு. அவருடைய வேலையில் பாதியை மாக்ரெட் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பின்னேரம் அவர் அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நவம்பரில் வராதேங்கோ என்று சொன்ன பிறகு அன்றுதான் அந்தப் பக்கம் வந்திருந்தார். எந்த வாசலில் எந்த உத்தியோகத்தரைப் பிடிக்க வேண்டும், யாரிடம் சிங்களத்தில் கதைத்தால் வேலை சுருக்காக முடியும், எந்த நாளில் வரிசை நீளம் என்று, பாவித்த தாள்களின் பின்பக்கத்தில் அழகாக எழுதி, ஊசி குத்தி வைத்திருந்தார். பன்னிரண்டு பக்கம். ஒவ்வொன்றாக விளக்கினார். அவளால் எதையும் காதில் வாங்க முடியவில்லை.

விளக்கி முடித்து, தாள்களை அவள் பக்கம் தள்ளினார்.

“ஒன்னு சொல்லணும்கா. மனசுல வச்சிருந்தா பாரமா இருக்கும்.”

இவருக்குத் தெரிந்துவிட்டது, மஸாஹிரா சொல்லிவிட்டாள் என்று மாக்ரெட் நினைத்தாள். திட்டட்டும், காறித் துப்பட்டும், அதற்குப் பிறகாவது மூச்சு வரும் என்றுகூட நினைத்தாள்.

“நீங்க மொத நாளே சொன்னீங்க, இது வேல அளக்குற மீற்றர்தான், கொறஞ்ச ஆள அனுப்பிருவாங்கன்னு. நான்தான் ஒங்க பேச்சக் கேக்கல. சிரிச்சேன். கேட்டிருந்தா இன்னைக்கு எனக்கு இந்த நெலம வந்திருக்காது. இந்த ஆபிஸ்ல எனக்கு நல்லது நெனச்சு ஒரு வார்த்த சொன்னது நீங்க ஒருத்தர்தாங்கா.”

எழுந்து நின்று இரண்டு கைகளையும் கூப்பினார்.

“அண்ணனுக்கு ஒப்பரேசன் நல்லபடியா நடக்கணும். நான் கும்புட்டுக்கிறேன்.”

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், மாக்ரெட் அந்தப் பன்னிரண்டு பக்கங்களையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மார்ச் பதினெட்டுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

“ஓம் செல்லையா,” என்றாள்.